ரீவைண்டிங் குரூப்

துரைராசு எங்கள் வீட்டில் தானாகக் கேட்டு டீ வாங்கிக் குடித்தது அன்றைக்குத்தான். அவருடைய தென்னந்தோப்பில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே என் அப்பா தேங்காய் உரிக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் வேலியோரம் நின்று, "அடைக்கலம், லோடு ஏத்தணும், வா" என்று குரல் கொடுத்ததோடு சரி. படலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மா கொண்டுபோய்க் கொடுக்கிற பலகாரத்தை அவர் வீட்டு மாடு தின்றுகொண்டிருந்ததைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அன்று உள்ளே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா எழுந்து சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டார். துரைராசுக்குப் பின்னால் வந்த அவர் மகள் ஈஸ்வரி நிலைப்படியிலேயே நின்றாள்.

"டீ போடு புஷ்பம். சீனி கம்மியா."

போட்டேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தேன். வாங்கினார், விளிம்பை ஒரு தரம் பார்த்தார், குடித்தார். காரியம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்த சமயம் அது. ஊரில் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் பிளஸ் ஒன்னில் எந்த குரூப்பில் சேர்ப்பது என்று அலைந்துகொண்டிருந்தார்கள். பேராவூரணியைச் சுற்றி எங்கள் பக்கம் மழைக்காலத்தில் நெல் விலை பேசுவதுபோல மே மாதத்தில் குரூப் பேசுவார்கள். நான் சென்னையில் இன்ஜினியரிங் முடித்து, கேம்பஸில் வேலை வாங்கி, ஜூலையில் போய்ச் சேர வேண்டியவள். அதனால் அந்த இரண்டு மாதத்துக்கு என் பேச்சுக்கு ஒரு விலை இருந்தது. யார் யாரோ வந்தார்கள். துரைராசு வருவார் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

"பாப்பாதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு," என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"இன்ஜினியரிங்தான் படிப்பேங்குது. ஃபர்ஸ்ட் குரூப்புதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. நான் சொன்னேன், ஃபர்ஸ்ட் குரூப்புல லச்சம் பேரு போயி முட்டிக்கிட்டு நிக்கிறான். நம்ம ராம்கி முட்டல? என்னத்தக் கண்டான்? கூட்டமில்லாத வழி ஒண்ணு இருக்கே, நம்ம புஷ்பம் போன வழி. ரீவைண்டிங் குரூப்புல போட்டுட்டா நேரா சென்னைதான். நான் சொல்றது சரிதான?"

நம்ம புஷ்பம். அந்த 'நம்ம' என் காதுக்குள் எறும்பு போல நுழைந்தது.

ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல். இன்ஜினியரிங் போகிறவர்களின் ராஜபாட்டை. ரீவைண்டிங் குரூப் என்பது மோட்டார் காயில் சுற்றக் கற்றுத் தருகிற தொழிற்கல்வி. அதில் கணக்கு மட்டும் உண்டு. இயற்பியல் கிடையாது, வேதியியல் கிடையாது. பள்ளிக்கூடத்தின் கடைசியில், கக்கூஸுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும். மூன்று தடவை பெயிலாகி ஏறி வந்த பையன்களையும், இனி எங்கே போடுவது என்று தெரியாத பையன்களையும் அதில்தான் போடுவார்கள். என்னையும் போட்டார்கள். நான் பெயிலானவள் இல்லை. அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவள்.

அட்மிஷன் பட்டியலை ஹெட்மாஸ்டர் அறை வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஃபர்ஸ்ட் குரூப்பில் என் பெயரைத் தேடினேன். துரைராசு மகன் ராம்கி பெயர் இருந்தது. என்னைவிட எவ்வளவோ கீழே மார்க் வாங்கிய எத்தனையோ பெயர்கள் இருந்தன. என் பெயர் ரீவைண்டிங்கில் கடைசியாக இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஹெட்மாஸ்டர் இராஜாங்கம் தலையைத் தூக்காமலே, "சீட் ஃபுல்லுப்பா" என்றார். அப்பா, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் குடிக்கவில்லை. வாய்க்காலில் ஊற்றினேன்.

காரணம் எனக்கு அடுத்த நாள் தெரிந்தது. யாரும் ரகசியமாகச் சொல்லவில்லை. மறைத்து வைக்கிற அளவுக்குக்கூட அதைப் பெரிய விஷயமாக யாரும் நினைக்கவில்லை. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போயிருந்தேன். மட்டைக் களத்தில் நட்டு வைத்திருந்த கடப்பாரையின் முனையில் அப்பா காய்களைக் குத்தித் திருகி உரித்துக்கொண்டிருந்தார். துரைராசு அங்கே நின்றார். என்னைப் பார்த்ததும் அப்பாவிடம் சொன்னார்: "ஒம் மவ பேரு ஃபர்ஸ்ட் குரூப்புலதான் இருந்துச்சு அடைக்கலம். நாந்தான் எச்செம்முகிட்ட சொல்லி மாத்திப்புட்டேன். ரெண்டும் ஒரே வகுப்புல உக்காந்தா நல்லாருக்குமா சொல்லு. உரிக்கிறவன் மவ மொதல்ல வர்றா, தோப்புக்காரன் மவன் பின்னால வர்றான்னு வாத்தியானுவளே சிரிப்பானுவ. பய மனசு விட்டுருவான். பொம்பளப் புள்ளைக்கு ஒரு கைத்தொழிலு இருந்தா நல்லதுதான?"

"நல்லதுதாங்கய்யா," என்றார் அப்பா.

அதைச் சொல்லும்போது அப்பாவின் கை நிற்கவில்லை. குத்து, திருகு, மட்டை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். அந்தத் தாளத்தில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. துரைராசு சொன்னதைவிட அதுதான் எனக்குள் போய்த் தைத்தது. ஒரே ஒரு காயை உரிக்காமல் விட்டிருந்தால்கூடப் போதும், நான் அப்பாவை மன்னித்திருப்பேன். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆளுக்கு ஒருநாள் திருப்பிக் கொடுப்பேன் என்று. எதை, எப்படி என்று தெரியாது. கொடுப்பேன் என்பது மட்டும் தெரியும்.

கொட்டகையில் நான் ஒருத்திதான் பெண். பையன்கள் என்னை மோட்டார் என்று கூப்பிட்டார்கள். "ஏய் மோட்டாரு, ஸ்டார்ட் ஆயிட்டியா?" என்பது அவர்களுடைய தினசரி ஜோக். தாமிரக் கம்பி விரலை அறுக்கும். வார்னிஷ் நாற்றம் சோற்றுக் கையில்கூட இருக்கும். பாடம் எடுத்த ஜெக்கரியா சார் அவருக்குத் தெரிந்ததைச் சத்தம் போடாமல் சொல்லித் தருவார், மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கணக்குக்கு வர வேண்டியவர் பாதி நாள் வரமாட்டார். அதை நானே போட்டேன். கோபத்தில் போட்டேன். கோபத்தில் போட்டால் கணக்கு நன்றாக வரும், அது என் அனுபவம். பிளஸ் டூ முடிந்து, பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் கிடந்த பேப்பரைப் புரட்டியபோதுதான் பார்த்தேன்: இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் தொழிற்கல்வி படித்தவர்களுக்கென்று நூற்றுக்கு நாலு சீட் தனியாக உண்டாம். தனித் தரவரிசையாம். ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது, ஜெக்கரியா சாருக்குத் தெரியாது, துரைராசுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கதவையும் சாத்தியிருப்பார். விண்ணப்பம் போட்டேன். சென்னையில் பெயர் சொன்னால் எழுந்து நிற்கிற காலேஜ் ஒன்றில் எலக்ட்ரிகல் கிடைத்தது.

பள்ளிக்கூட மதிலில் பேனர் கட்டினார்கள். என் படம் நடுவில் தபால்தலை அளவுக்கு. இரண்டு பக்கமும் என்னைவிடப் பெரிதாக ஹெட்மாஸ்டர் இராஜாங்கமும், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் துரைராசும் கை கூப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அந்த பேனரை மட்டும்தான் பார்த்தது. பேனருக்குப் பின்னால் நடந்தது யாருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை. முதல் செமஸ்டரில் இயற்பியலிலும் வேதியியலிலும் எனக்கு அரியர். அரியர் என்ன அரியர், அந்த வகுப்பில் பேசியது எந்த பாஷை என்றே எனக்குத் தெரியவில்லை. மோல் என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மூர் மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய பிளஸ் ஒன் புத்தகங்களை வாங்கி, பழுப்பு அட்டை போட்டு, மெஸ்ஸில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பதினாறு வயதில் படிக்க வேண்டியதைப் பதினெட்டு வயதில் திருட்டுத்தனமாகப் படித்தேன். எழுந்து வர இரண்டு வருஷம் ஆனது. இதற்கிடையில் ஊரில் என்னைப் பார்த்துவிட்டு, ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்த பிள்ளைகளைக்கூட இழுத்துக்கொண்டு வந்து ரீவைண்டிங்கில் சேர்த்தார்கள். அதில் ஒருத்தரும் இன்ஜினியரிங் போகவில்லை. ஒருவன் மோட்டார் கடையில் இருக்கிறான், ஒருவன் குவைத்தில் ஏ.சி. தூக்குகிறான். போன வருஷம் ஜெக்கரியா சாரும் ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. குரூப் பேப்பரில் மட்டும் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த துரைராசுக்குத் தெரியாது. கழகத் தலைவர்தான், ஆனால் அந்தக் கொட்டகைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

அவரை ஐயா என்று கூப்பிடாமல் பேசப் பழகிக்கொண்டு பல வருஷம் ஆகிறது. வாக்கியத்தை அதற்குத் தகுந்தபடி வளைத்துக்கொள்வேன். "அன்னைக்கி மட்டைக் களத்துல எங்கப்பாகிட்ட ஒண்ணு சொன்னது ஞாபகமிருக்கா?" என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்பார், மழுப்புவார், முகம் கொஞ்சமாவது சுருங்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மறப்பனா? நாந்தான எச்செம்முகிட்ட சொல்லி உன்ன ரீவைண்டிங்ல போடச் சொன்னேன். அன்னைக்கி நான் மாத்தி விடலன்னா நீ இன்னைக்கி இன்ஜினியரா? ஃபர்ஸ்ட் குரூப்புல கெடந்து நம்ம ராம்கி மாதிரி அரியரு வச்சுக்கிட்டு நிப்ப. ஏன் அடைக்கலம்?"

"ஆமாங்கய்யா," என்றார் அப்பா.

ஒருவன் என்னைக் கிணற்றில் தள்ளுகிறான், நான் நகம் பிய்ந்து ஏறி வருகிறேன், மேலே நின்றுகொண்டு நீச்சல் கற்றுக் கொடுத்தது நான்தான் என்கிறான். அதற்குக் கூலியாக என் வீட்டு டீயையும் குடிக்கிறான். நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். நிலைப்படியில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயதில் நான் இருந்த அதே உயரம். அவளுக்கு வேண்டியதெல்லாம் நான் ஒரு வார்த்தை சொல்வது: அங்கே வாத்தியார் இல்லை. எனக்கு அரியர் விழுந்தது. ஃபர்ஸ்ட் குரூப்பே போடுங்க.

"தாராளமா ரீவைண்டிங் போடுங்க," என்றேன். "அதுக்கென்ன."

துரைராசு மகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? படிச்ச புள்ள சொல்லுது," என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஈஸ்வரி போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வைத்து நான் இரண்டு நாள் சாப்பிட்டேன்.

அவர்கள் போனதும் அப்பா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏம் புள்ள, ஜெக்கரியா சாருதான் இல்லியே?"

"அவருகிட்ட நீங்க சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா கேப்பாரா?"

"அப்ப கம்முன்னு இருங்கப்பா."

அப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு ஒன்ன?"

"நான் என்ன பண்ணுனேன் அன்னைக்கி? சொல்லுங்க. நான் என்ன பண்ணுனேன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் அப்பாவிடம் பதில் வாங்க முடியாது. அவர் வாயில் இருக்கிற பதில்கள் எல்லாம் 'ங்கய்யா'வில் முடிகிறவை, எனக்கு உதவாதவை.

அந்த இரண்டு நாளும் சுகமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது, வாசல் கூட்டும்போது, ஈஸ்வரியை அந்தக் கொட்டகையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே வியர்வையில் அவள் பாவாடை தாவணி நனைவதைப் பார்த்தேன். பையன்கள் அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தேன். பிளஸ் டூ ரிசல்ட் அன்று துரைராசு அந்த மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்த காலேஜ் வாசலில் நிற்பார், யாரிடம் 'சரிங்க சார்' சொல்வார் என்று விதவிதமாக ஜோடித்தேன். அவர் கையாலேயே அவர் மகளுக்கு. இதைவிடப் பொருத்தமாக நான் திட்டம் போட்டிருந்தாலும் அமையாது.

மூன்றாம் நாள் ஈஸ்வரி தனியாக சைக்கிளில் வந்தாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள், அப்பா தோப்பில். நான் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"ஸ்கூலுக்குப் போயி அந்த ஷெட்டப் பாத்தேங்க்கா. பூட்டியிருக்கு. ஜன்னல் வழியாப் பாத்தா உள்ள வாட்ச்மேன் வெறகு அடுக்கி வச்சிருக்காரு."

நான் பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை.

"அங்க சாரே இல்லியாமே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"ஒங்கப்பா கேட்டாரு, சொன்னேன். அவரு எதக் கேக்கணும்னு ஆசப்பட்டாரோ அதச் சொன்னேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பம்பின் கைப்பிடியை எட்டிப் பிடித்து நிறுத்தினாள். "ராம்கி அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொல்லும், ஒங்கள எப்புடி அப்பா ஷெட்டுக்கு மாத்துனாருன்னு. எனக்கு அது தெரியும். ஒங்க சண்ட எங்கப்பாவோடதான? அவரு எதுருல உக்காந்திருந்தாருல்ல. டீ குடுத்தீங்கல்ல. நாக்கப் புடுங்குற மாதிரி அவரக் கேக்க வேண்டியதுதான? அவரக் கேக்கப் பயம். அதான் எங்கிட்ட காட்டுறீங்க."

ஒரு அறை விட்டிருப்பேன். கையில் குடம் இருந்தது. குடத்தைக் கீழே வைப்பதற்குள் அவள் சொன்னது உள்ளே இறங்கிவிட்டது. பயம்தான். ஐயா என்று சொல்லாமல் வாக்கியத்தை வளைத்ததே பயம்தான். தைரியம் இருந்தால் நேராகவே பேசியிருப்பேன்.

"எனக்கு மொத செமஸ்டர்ல ரெண்டு அரியரு," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை; அவள் முகத்தில் எறிவதற்கு வேறெதுவும் அப்போது கையில் இல்லை. "ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. ரீவைண்டிங் படிச்சதால. போயி ஒங்கப்பாகிட்ட சொல்லு, ஊரெல்லாம் சொல்லு."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள் ஈஸ்வரி. பிறகு, "எத்தன மார்க்குல போச்சு?" என்று கேட்டாள். படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வி அது. எனக்கு அப்போது சிரிப்பு வந்திருக்கலாம், வரவில்லை.

அவளை நன்றாக ஒரு தடவை பார்த்தேன். நான் இரண்டு நாளாக மனசுக்குள் ஓட்டிய படத்தில் ஒரு தப்பு இருந்தது. இவள் அந்தக் கொட்டகையில் வீணாய்ப் போனால் துரைராசுக்கு என்ன நட்டம்? பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கு என்பார். முத்துப்பேட்டைப் பக்கம் எவனாவது தோப்புக்காரன் வீட்டில் கட்டிக் கொடுப்பார். கறி விருந்து போடுவார். ராத்தூக்கம் ஒரு நாள் கெடாது. நான் எறிந்த கல் அவர் மேல் படவே படாது. நடுவில் நிற்கிற இவள் மேல் பட்டு விழும். மகளின் படிப்பு அவருக்கு வலிக்கிற இடம் இல்லை. வலிக்கிற இடம் வேறே. அவர் சொன்னது நடக்க வேண்டும். தோப்பில், பள்ளிக்கூடத்தில், பஞ்சாயத்தில், அவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே நிற்க வேண்டும். அது நாலு பேர் பார்க்கக் கீழே விழுந்தால்தான் அவருக்கு வலிக்கும். அவர் வீட்டு ஆளே தள்ளிவிட்டால் இன்னும் வலிக்கும்.

"ஒங்கம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாவ யாரும் கேக்கல."

"அப்பா இல்லாம அம்மா வந்து ஸ்கூல்ல கையெழுத்துப் போடுவாங்களா?"

ஈஸ்வரி யோசித்தாள். "கேட்டா போடும். இதுவரைக்கும் அதுகிட்ட யாரும் எதுக்கும் கையெழுத்துக் கேட்டதில்ல."

"நாளைக்கி அட்மிஷனு. ஒங்கப்பா எங்க இருப்பாரு?"

"காலையில தோப்புல. பத்து மணிக்கு மேல ஸ்கூலுக்கு வந்து என்ன ரீவைண்டிங்ல போட்டுட்டுப் போறேன்னாரு."

"அப்ப ஒம்பது மணிக்கே வா. அம்மாவக் கூட்டிக்கிட்டு."

அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: "எனக்காகத்தான பண்றீங்க?"

"இல்ல," என்றேன். தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஈஸ்வரியின் அம்மா அகிலாண்டம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மகன் படித்தபோதும் அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. நெற்றி வேர்த்திருந்தது. என்னைப் பார்த்து, "ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார். நான் இரண்டு நாளாக யோசித்ததில் என் அப்பாவின் வேலை வரவே இல்லை. எனக்கு முகம் சுட்டது. "ஆனா ஆகட்டும்," என்றேன். ராத்திரியெல்லாம் மழை பெய்து பள்ளிக்கூட மைதானத்து மணல் சோறு போலக் குழைந்து கிடந்தது. வராந்தாவில் பிள்ளைகளோடு அப்பாக்கள் குந்தியிருந்தார்கள். பாதிப் பேர் துரைராசு தோப்பில் மரம் ஏறுகிறவர்கள், மட்டை அள்ளுகிறவர்கள். எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

ஹெட்மாஸ்டர் இராஜாங்கம் எழுந்தே நின்றார். "வாம்மா புஷ்பம், நம்ம ஸ்கூல் பெருமையே நீதான், உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அகிலாண்டத்துக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் இராஜாங்கத்தின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"தலைவர் ரீவைண்டிங்னுல்ல சொல்லியிருக்காரு."

"அந்த குரூப்புக்கு வாத்தியாரு யாரு சார்?"

"போஸ்டிங் வரும்மா."

"எப்ப?"

அவர் மேஜை மேலிருந்த காகிதக் கல்லை நகர்த்தி வைத்தார். "அப்பா கையெழுத்துப் போடுறதுதாம்மா வழக்கம்."

"வழக்கமா சார், இல்ல ரூலா?"

வராந்தாவில் பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்து நான் குரலை உயர்த்தினேன். "ஸ்கூல் ஃபர்ஸ்ட் எடுத்த புள்ளைய வாத்தியாரே இல்லாத குரூப்புல, வெறகு அடுக்குற ஷெட்டுல போடச் சொல்றாங்கன்னு சி.இ.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுக்கட்டா? என் படம் போட்டு பேனர் கட்டுனீங்கள்ல, அதே காலேஜ் பேரப் போட்டே எழுதுறேன். அன்னைக்கி எம் பேர யார் சொல்லி மாத்துனீங்கன்னும் சேத்து எழுதுறேன். எங்கப்பா மாதிரி சரிங்க சார்னு சொல்லிட்டுப் போயிருவேன்னு நெனச்சீங்களா?"

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். தலைவரே, தலைவரே என்று கிசுகிசுத்தார். ஒரு பக்கம் மட்டும் எங்களுக்குக் கேட்டது: "இல்லீங்க, அம்மாவே வந்திருக்காங்க... ஆமா, அந்தப் பொண்ணுதான்... சீக்கிரம் வாங்க." திரும்பி வந்து, "ரெண்டு நிமிஷம் இருங்க, அவரே வர்றாரு" என்றார்.

"சார், பேனா குடுங்க," என்றார் அகிலாண்டம்.

அவர் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அது. இராஜாங்கம் பேனாவைக் கொடுக்கவில்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன். ஃபர்ஸ்ட் குரூப் என்று ஈஸ்வரி எழுதி வைத்திருந்த தாளை அகிலாண்டத்தின் முன்னால் வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கையெழுத்துப் போடவில்லை, பெயரை எழுதினார். மூடியைக் கழற்றி, அதைப் பின்னால் மாட்டி, தாளை நேராக்கி, 'அ'வின் சுழியைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடியே உள்ளிருந்து ஆரம்பித்தார்.

புல்லட் சத்தம் கேட்டது. தோப்பு பக்கத்தில்தான் இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தேன். துரைராசு கேட்டுக்குள் நுழைந்து, வண்டியை மைதானத்துக்கு நடுவிலேயே நிறுத்தி இறங்கி, ஸ்டாண்டைத் தட்டினார். ஸ்டாண்டு குழைந்த மணலுக்குள் இறங்கியது. வண்டி அவர் மேல் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தினார், மறுபடியும் தட்டினார், மறுபடியும் இறங்கியது. விட்டுவிட்டு வரவும் முடியாமல், தள்ளிக்கொண்டு வரவும் முடியாமல், இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. "எவன்டா அங்க? வந்து புடிங்கடா!" என்று கத்தினார். வராந்தாவில் குந்தியிருந்தவர்களில் ஒருவர் பாதி எழுந்தார். பக்கத்தில் நின்ற, எழுந்தவருடைய மகள் அவர் துண்டின் நுனியைப் பிடித்திருந்தாள். அவர் மகளைப் பார்த்தார், ஹெட்மாஸ்டர் அறையைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். அப்படியே பாதியில் நின்றார்.

அகிலாண்டம் 'லா' வரைக்கும் வந்திருந்தார். ஈஸ்வரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, தாள் நகர்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் விரல்களை ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே புல்லட் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.